கோடுகளால் ஆன முகம்

சென்ற வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதத்தில் எனக்குக் கிடைத்த புள்ளிகள் 19. விடைத்தாள் தந்த அன்று இடைவேளையில் தோழிகளின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, நூலகத்துக்குப் போய்க் கடைசி அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அந்த அலுமாரியில் யாரும் இரவல் எடுக்காத பழைய ஆங்கிலப் புத்தகங்கள் இருக்கின்றன. அழுவதை மறைக்க ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தேன். அதன் முதுகு பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

உள்ளே முதல் பக்கத்துக்கு எதிரே ஒரு மெல்லிய தாள் இருந்தது. அதைத் தூக்கியதும் ஒரு மனிதர் என்னைப் பார்த்தார். நடுவில் வகிடு எடுத்து இரு பக்கமும் சுருண்டு விழும் தலைமயிர், கழுத்தை மூடிய உயரமான கொலர், பெரிய கண்கள். படத்தின் கீழே மைக்கல் பரடே என்று ஆங்கிலத்தில் இருந்தது. பௌதிகவியல் பாடத்தில் மின்காந்தத் தூண்டல் என்ற அலகில் வருகின்ற அதே பரடே. கொள்ளளவத்தை அளக்கும் பரட் என்ற அலகும் இவரது பெயரிலிருந்து வந்ததுதான். அவருக்கு இப்படியொரு முகம் இருக்கிறது என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தபோதுதான் அது புகைப்படமும் இல்லை, பென்சிலால் வரைந்த படமும் இல்லை என்பது தெரிந்தது. முகம் முழுவதும் மயிரிழை போன்ற கோடுகளால் ஆகியிருந்தது. கன்னம் இருண்ட இடத்தில் கோடுகள் நெருங்கி ஒன்றையொன்று வெட்டின. நெற்றியில் ஒளி விழுந்த இடத்தில் கோடுகளே இல்லை, வெறும் தாள்தான். விரலால் தடவினால் கோடுகள் மிக இலேசாக மேடாகத் தெரிந்தன. படத்தைச் சுற்றித் தாளில் நீள்சதுரமாக ஒரு பள்ளம் பதிந்திருந்தது.

இது உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் என்று நூலகப் பொறுப்பாசிரியை விளக்கினார். புகைப்படத்தை அப்படியே புத்தகத்தில் அச்சிடும் வசதி பரவாத காலத்தில், பெரியவர்களின் உருவத்தை மக்கள் கண்டது இத்தகைய படங்களில்தான். செதுக்குபவர் கூர்மையான சிற்றுளியால் செம்புத் தகட்டிலோ உருக்குத் தகட்டிலோ கோடுகளைக் கீறுவார். படம் தாளில் நேராக விழ வேண்டுமென்றால் தகட்டில் இடம் வலம் மாறியிருக்க வேண்டும். பிறகு தகடு முழுவதும் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். கீறிய பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். செம்பு விரைவில் தேய்ந்துவிடும். உருக்கில் கீறுவது கடினம், ஆனால் ஆயிரக்கணக்கான பிரதிகளுக்கு அது தாங்கும். ஒரு முகத்தைச் செதுக்கி முடிக்க வாரக் கணக்கில் வேலை செய்ய வேண்டும். ஒரு கோடு பிழைத்தால் அதை அழிப்பது இலேசான காரியமல்ல.

முதுகு பிய்ந்த புத்தகத்தை என்ன செய்வது என்று பொறுப்பாசிரியை யோசித்தார். அப்போது நான் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டி வந்தது. பாடசாலைக்கு வந்த நாள் முதல் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விடயம் அது. என் வாப்பா புத்தகம் கட்டுபவர். சந்தைக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில் கடைகளின் கணக்குப் புத்தகங்களையும் மாணவர்களின் ஒப்படைகளையும் தைத்து மட்டை போடுவார். ரமழான் நெருங்கும்போது பள்ளிவாசல்களிலிருந்து இதழ் கழன்ற குர்ஆன் பிரதிகள் வரும். அவற்றை வுழூச் செய்துகொண்டு, வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டுவார். பாடசாலைப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் எப்போதும் வியாபாரம் என்றே எழுதி வந்திருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அப்படி எழுதியதன் காரணம் எனக்குத் தெரியும்.

புத்தகத்தை வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் உடனே மட்டையைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். இவர் யார் மகள் என்று கேட்டார். மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரிந்திருக்கவில்லை. அன்று இரவு வாப்பா புத்தகத்தைப் பிரிக்கும் முன் நான் அதை வாசிக்கத் தொடங்கினேன். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வாசித்தேன். பிறகு வேறு புத்தகங்களையும் தேடினேன். இனி நான் எழுதுவது அப்படி அறிந்துகொண்ட அவரது வாழ்க்கை.

மைக்கல் பரடே 1791 செப்டெம்பர் 22ஆம் திகதி, இப்போது இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். அடிக்கடி நோயுற்று வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். நான்கு பிள்ளைகள் கொண்ட வீட்டில் பசி பழக்கமானது. ஒரு காலத்தில் சிறுவன் மைக்கலுக்கு ஒரு கிழமைக்கு ஒரு பாண் என்று அளந்து கொடுக்கப்பட்டதாம். அவர் பாடசாலையில் கற்றது வாசிப்பும் எழுத்தும் சிறிது கணக்கும் மட்டுமே.

1804இல், பதின்மூன்று வயதில், ஜோர்ஜ் ரீபோ என்ற புத்தக வியாபாரியிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பிளாண்ட்பர்ட் வீதியிலிருந்த அந்தக் கடையிலிருந்து வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பது அவரது வேலை. அடுத்த வருடம் ரீபோ அவரை ஏழு வருடத் தொழில் பயிலுநராக ஏற்றுக்கொண்டார். வழக்கமாகப் பயிலுநரின் குடும்பம் ஒரு தொகைப் பணம் கட்ட வேண்டும். பையன் உண்மையாக உழைத்தான் என்பதற்காக ரீபோ அதை வாங்கவில்லை. அவன் பயின்ற தொழில் எது தெரியுமா? புத்தகம் கட்டுவது!

இந்த வரியை வாசித்தபோது நான் எழுந்து போய் வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டு, அப்படியென்றால் அந்தப் பையனின் விரலிலும் ஊசி குத்தியிருக்கும் என்றார்.

மைக்கல் தைக்க வந்த புத்தகங்களைத் தைத்துவிட்டு மட்டும் விடவில்லை, வாசித்தார். கலைக்களஞ்சியம் ஒன்று கட்ட வந்தபோது அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவரை இரசாயனத்தின் பக்கம் திருப்பிய புத்தகத்தை எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் உரையாடுவது போல எழுதப்பட்ட அந்தப் புத்தகம் 1806இல் வெளிவந்தபோது, மட்டையில் ஆசிரியரின் பெயரே இருக்கவில்லை. பெண்பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் பெயர் போடாமல் எழுதிய புத்தகம், ஓர் ஏழைப் பையனின் கையில் கிடைத்து உலகத்தை மாற்றியது. பரடே இறுதிவரை அந்தப் பெண்மணியை நன்றியோடு நினைவுகூர்ந்தார். தோழிகளே, நாங்கள் எழுதும் ஒரு சிறு கட்டுரையும் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியாது.

கடையின் மேல்மாடியில் மாஸ்கியூரியே என்ற ஓவியர் தங்கியிருந்தார். மைக்கல் அவரது அறையைக் கூட்டி, சப்பாத்துகளைத் துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக ஓவியர் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் ரொபர்ட்டும் கொல்லர். 1810இல் தந்தை இறந்த அதே காலத்தில், நகரத்தில் மாலை வேளையில் நடந்த விஞ்ஞான விரிவுரைகளுக்குப் போக ஒவ்வொரு தடவையும் ஒரு ஷில்லிங் கொடுத்தவர் அந்த அண்ணன்தான்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நான்கு நுழைவுச்சீட்டுகள் கொடுத்தார். றோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுக்கான சீட்டுகள் அவை. டேவி அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற இரசாயன அறிஞர். மைக்கல் மேல்வரிசையில் மணிக்கூட்டுக்கு மேலே அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து படங்களோடு திருத்தமாக எழுதினார். ஏறத்தாழ 300 பக்கம் வந்தது. அதைத் தன் கையாலேயே தைத்து, மட்டை கட்டினார்.

அதே வருடம் பயிற்சிக்காலம் முடிந்தது. வேறொரு கடையில் கூலிக்குப் புத்தகம் கட்டப் போனார். அங்கே மனம் ஒட்டவில்லை. விஞ்ஞான உலகில் எவ்வளவு சிறிய வேலையானாலும் போதும் என்று றோயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பதிலே வரவில்லை. பிறகு தான் கட்டிய குறிப்புப் புத்தகத்தை டேவிக்கு அனுப்பினார். டேவி அன்போடு அழைத்துப் பேசினார், ஆனால் கொடுக்க வேலை இருக்கவில்லை. சில மாதங்களில் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் சண்டைபிடித்து வேலை இழந்தார். 1813 மார்ச் 1ஆம் திகதி பரடே அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். கிழமைக்கு 25 ஷில்லிங் சம்பளம், மாடியின் உச்சியில் இரண்டு அறைகள். குடுவை கழுவுவதிலிருந்து அவரது விஞ்ஞானம் தொடங்கியது. அந்தக் குறிப்புப் புத்தகம் இன்றும் அந்த நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அதன்பின் எல்லாம் இலகுவாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1813 ஒக்டோபரில் டேவியும் மனைவியும் ஐரோப்பாவுக்கு நெடும்பயணம் புறப்பட்டபோது பரடேயையும் அழைத்துச் சென்றார்கள். டேவியின் பணியாள் வர மறுத்ததால் அவரது வேலைகளும் பரடேயின் தலையில் விழுந்தன. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். இடையில் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்று பரடே யோசித்தார். ஆனாலும் அந்த ஒன்றரை வருடத்தில் அம்பியர், வோல்ற்றா போன்ற அறிஞர்களை நேரில் கண்டார். நாங்கள் பாடத்தில் அலகுகளாகப் படிக்கும் பெயர்களோடு அவர் உயிருள்ள மனிதர்களாகப் பழகினார்.

1821இல் பரடே சேரா பார்னார்ட் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் ஒரே சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பணம் சேர்ப்பதையும் பெருமை தேடுவதையும் விரும்பாத அந்தச் சபையின் வழியில் பரடே கடைசிவரை நின்றார். அதே வருடம் செப்டெம்பரில், இரசம் நிரம்பிய கிண்ணத்தில் காந்தம் ஒன்றை வைத்து, மின் ஓடும் கம்பி அதைச் சுற்றிச் சுழலுமாறு செய்தார். மின்மோட்டாரின் ஆரம்பம் அதுதான். ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வொலஸ்டன் என்ற மூத்த அறிஞரின் எண்ணத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கொல்லரின் மகனுக்கு நேர்மையைத் தவிர வேறு சொத்து இருக்கவில்லை, அதற்கே பழி வந்தது. 1824இல் றோயல் சொசைட்டியின் அங்கத்தவராக அவரைத் தெரிவுசெய்ய முன்மொழிந்தபோது அதை எதிர்த்தவர், அப்போது தலைவராக இருந்த அவரது குரு டேவியே. வாக்கெடுப்பில் எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்கு. அவர் தெரிவானார். பிற்காலத்திலும் டேவியைப் பற்றி அவர் மரியாதையோடுதான் பேசினார்.

இனி 1831க்கு வருகிறேன். மின்சாரத்தால் காந்தம் உண்டாகும் என்பது அப்போது தெரிந்திருந்தது. அப்படியானால் காந்தத்தால் மின்சாரம் உண்டாகுமா என்பது கேள்வி. பரடே அதற்கு முன்னரே சில தடவை முயன்று தோற்றிருந்தார். ஓகஸ்ட் 29ஆம் திகதி ஓர் இரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பாதியில் ஒரு செப்புக் கம்பிச் சுருளையும் மறுபாதியில் இன்னொரு சுருளையும் சுற்றினார். கம்பி கம்பியோடு தொடாமலிருக்க இடையே எதை வைத்தார் என்று வாசித்தபோது என் உடல் சிலிர்த்தது. நூலும் கலிக்கோத் துணியும்! வாப்பாவின் மேசையில் எந்நேரமும் கிடப்பவை அவை இரண்டும்தான். புத்தகம் கட்டிய கை, தனக்குப் பழகிய பொருளைக் கொண்டே உலகத்தின் முதல் மின்மாற்றியைக் கட்டியது.

முதலாவது சுருளை மின்கலவடுக்கோடு தொடுத்ததும், இரண்டாவது சுருளுக்கு அருகிலிருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து மீண்டும் நின்றுவிட்டது. மின்கலத்தைக் கழற்றியபோது மறுபக்கமாக ஒரு கணம் அசைந்தது. இடையில் மின் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஊசி சும்மா இருந்தது. தொடர்ந்து ஓடும் மின்னைத் தேடியவர்கள் தவறவிட்டது இந்த ஒரு கண அசைவைத்தான். காந்தம் இருப்பதால் மின் பிறப்பதில்லை, காந்தப்புலம் மாறுவதால்தான் பிறக்கிறது. ஒக்டோபர் 17ஆம் திகதி, ஒரு சுருளுக்குள் காந்தக் கோலைத் தள்ளியும் இழுத்தும் அதையே காட்டினார். சில நாட்களில் காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றித் தொடர்ந்து மின் எடுத்தார். அதுதான் முதல் மின்பிறப்பாக்கி.

2022ஆம் ஆண்டு எங்கள் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்துக்கொண்டு, மின்சாரம் எங்கே போய்விட்டது என்று உம்மாவைக் கேட்டிருக்கிறேன். இப்போது விளங்குகிறது. இலக்சபானாவில் நீரும் நுரைச்சோலையில் நிலக்கரியில் உண்டான நீராவியும் செய்யும் வேலை, பரடே கையால் தட்டைச் சுழற்றிய அதே வேலைதான். சுழற்சி நின்றால் ஒளியும் நின்றுவிடும்.

அந்த மெழுகுதிரிக்கும் பரடே சொந்தக்காரர். நத்தார் விடுமுறையில் சிறுவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லும் விரிவுரைகள் 1825இல் றோயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கின. அவற்றில் 19 வருடத் தொடர்களை அவரே நிகழ்த்தினார். மெழுகுதிரி ஒன்று எரிவதை வைத்துக்கொண்டு காற்று, நீர், காபன், எங்கள் சுவாசம் என்று இரசாயனம் முழுவதையும் சொன்ன தொடர் புத்தகமாகி, இன்றும் வாசிக்கப்படுகிறது. ஒரு ஷில்லிங் இல்லாமல் விரிவுரைக்கு ஏங்கிய பையன், மற்றப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவைத்தார்.

இதற்கிடையில் 1825இல் பென்சீனைக் கண்டறிந்தார். 1830களில் மின்பகுப்பு விதிகளைத் தந்தார். மின்வாய், அயன், அனோட்டு, கதோட்டு என்று நாங்கள் மனனம் செய்யும் சொற்களின் ஆங்கில மூலங்கள், வில்லியம் ஹூவெல் என்ற அறிஞரின் ஆலோசனையோடு அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. 1845இல் ஒளியின்மீது காந்தம் செலுத்தும் தாக்கத்தைக் கண்டார்.

இவ்வளவையும் வாசித்து வந்த எனக்கு ஓரிடத்தில் பெரிய ஆறுதல் கிடைத்தது. பரடேக்கு உயர் கணிதம் தெரியாது! சமன்பாடுகளை அவரால் பின்தொடர முடியவில்லை. அவர் சிந்தித்தது கோடுகளில். காந்தத்தின்மேல் தாளை வைத்து இரும்பரத்தூளைத் தூவினால், முனையிலிருந்து முனைக்கு வளைந்து செல்லும் கோடுகள் தெரியுமல்லவா? மற்ற அறிஞர்கள் அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்தார்கள். பரடே அந்த விசைக்கோடுகள் உண்மையிலேயே வெளி முழுவதும் பரந்திருக்கின்றன என்றார். நெருங்கிய இடத்தில் விசை அதிகம், விலகிய இடத்தில் குறைவு. அவரது முகத்தைச் செதுக்கியவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். நெருங்கிய கோடு இருள், விலகிய கோடு ஒளி.

அன்று இரவே நான் வாப்பாவிடமும் உம்மாவிடமும் என் முடிவைச் சொன்னேன். எனக்கும் கணிதம் வரவில்லை, வேறு பிரிவுக்கு மாறப் போகிறேன், கணிதம் இல்லாமலே பரடே இவ்வளவு பெரியவராகியிருக்கிறார் என்றேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. டியூஷன் வகுப்புக்குக் கொடுத்த காசை நினைத்திருப்பார். வாப்பா எட்டாம் தரத்தோடு பாடசாலையை விட்டவர். அவர் கோபப்படவில்லை. அவர் தெரியாமல் விட்ட கணக்கைப் பிறகு யார் செய்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மீண்டும் வாசித்தேன். அந்தக் கணக்கைச் செய்தவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்ட அதே 1831இல் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில் பரடேயின் விசைக்கோடுகளைக் கணிதத்தில் எழுதத் தொடங்கினார். மற்றவர்கள் சிரித்த கோடுகளுக்குள் முழுமையான கணிதம் ஒளிந்திருப்பதை அவர் கண்டார். அந்த ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தபோது, அதிலிருந்த கணிதத்தைப் பார்த்து முதியவர் பரடே முதலில் பயந்தே போனார். பிறகு தன் கருத்து அதைத் தாங்கி நிற்பதைக் கண்டு வியந்தார். 1857இல், அறுபத்தாறு வயதில், அந்த இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதத்தில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லித் தர முடியாதா என்று தாழ்மையோடு கேட்டிருந்தார். ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்ற முடிவுக்குப் பின்னர் மக்ஸ்வெலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கணிதம்தான்.

அந்தக் கடிதத்தைப் பற்றி வாசித்த பிறகு என்னால் பரடேயைச் சாட்டாகச் சொல்ல முடியவில்லை. கணிதம் தெரியாததை அவர் பெருமையாக எண்ணியதில்லை. தன் சொந்த வீட்டின் ஓர் அறைக்குச் சாவி இல்லாமல் வெளியே நின்றவர் போல அவர் நின்றிருக்கிறார். அவருக்குக் கணிதம் கற்கப் பாடசாலை கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது. கிடைக்காதவரைக் காட்டி, கிடைத்ததை நான் விடப் பார்த்தேன்.

இன்னொரு விடயமும் என்னைத் தொட்டது. ஐம்பது வயதை நெருங்கும்போதே பரடேக்கு மறதி நோய் தொடங்கியது. தலைசுற்றலும் சோர்வும் வந்து, சில வருடங்கள் ஆய்வையே நிறுத்தவேண்டி வந்தது. முன்பு செய்த பரிசோதனையை மறந்துவிடுவார். ஆனால் அவரது பரிசோதனைக் குறிப்பேடு மறக்கவில்லை. 1832 முதல் ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் இலக்கம் இட்டு எழுதினார். வெற்றியையும் எழுதினார், எதுவும் நடக்கவில்லை என்பதையும் எழுதினார். கடைசிக் குறிப்பின் இலக்கம் 16041. நினைவு கைவிட்ட மனிதரை அவரது கொப்பிகள் தாங்கி நின்றன.

அரசாங்கம் கொடுக்கவிருந்த சேர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. றோயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு தடவை மறுத்தார். முன்பு அவரது கடிதத்துக்குப் பதில் எழுதாதவர் இருந்த அதே கதிரை அது. விக்டோரியா மகாராணி தந்த ஹம்ப்ரன் கோர்ட் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1867 ஓகஸ்ட் 25ஆம் திகதி தன் கதிரையில் அமர்ந்திருந்தபடியே காலமானார். பெரியோர்களை அடக்கும் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தில் அன்றி, ஹைகேட் மயானத்தில் எளிமையான கல்லின் கீழ் அடக்கப்பட்டார்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு, 1873இல், நேச்சர் என்ற விஞ்ஞான வார இதழ் தலைசிறந்த விஞ்ஞானிகளின் உருவங்களை உருக்குத் தகட்டில் செதுக்கி வெளியிடும் வரிசையொன்றைத் தொடங்கியது. முதலாவதாக வந்த முகம் பரடே. செதுக்கியவர் ஜீன்ஸ் என்ற கலைஞர். படத்தோடு வந்த கட்டுரையை எழுதியவர் மக்ஸ்வெல். கோடுகளால் சிந்தித்தவருக்கு ஒருவர் கோடுகளால் முகம் கொடுத்தார், அந்தக் கோடுகளுக்குக் கணிதம் கொடுத்தவர் அவரைப் பற்றி எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1991இல், இங்கிலாந்து வங்கி தன் 20 பவுண் தாளிலும் அதே மனிதரின் முகத்தை அச்சிட்டது.

வாப்பா புத்தகத்தைக் கட்டி முடிக்க ஒரு மாதம் எடுத்தார். இதழ்களைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் தைத்து, கலிக்கோ ஒட்டி, பச்சை மட்டை போட்டார். ஓரங்களை வெட்டும்போது படத்தாளை மட்டும் வெட்டாமல் விட்டார். தகடு பதிந்த பள்ளம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. கூலி எவ்வளவு என்று பொறுப்பாசிரியை கேட்டனுப்பியபோது, பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மிச்சமான தாள்களைச் சேர்த்து எனக்கும் ஒரு தடித்த கொப்பி கட்டித் தந்தார். அதில் நான் செய்யும் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் இலக்கம் இடுகிறேன். பிழைத்த கணக்குக்கும் இலக்கம் உண்டு, எங்கே பிழைத்தது என்பதையும் கீழே எழுதுகிறேன். இக்கட்டுரையை எழுதும் இன்று இலக்கம் 638இல் நிற்கிறேன். சென்ற தவணையில் எனக்குக் கிடைத்தது 47 புள்ளிகள். பெருமைப்படும் அளவில்லை, ஆனால் நூலகத்தில் ஒளியவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன, இன்ஷா அல்லாஹ் முயல்வேன்.

இவ்வருடத் தொடக்கத்தில் மாணவர் விபரப் படிவத்தை மீண்டும் நிரப்பச் சொன்னார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் புத்தகம் கட்டுபவர் என்று தெளிவாக எழுதினேன். பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டு, தன் மூத்தம்மாவின் பழைய குர்ஆன் இதழ் கழன்று கிடக்கிறது, கொண்டுவந்து தரலாமா என்று கேட்டாள். கொண்டுவா என்றேன்.

நூலகத்தின் கடைசி அலுமாரியில், பச்சை மட்டை போட்ட அந்தப் புத்தகம் இருக்கிறது. மெல்லிய தாளை மெதுவாகத் தூக்குங்கள்.